வடசென்னையில் கூண்டு ஏற்றிய வாரம்

திங்கள், மண்ணடி

அந்தமான் கப்பல் தள்ளிப்போய்விட்டது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக்கொண்டிருக்கிறதாம். எப்போது கிளம்பும் என்று கேட்டதற்கு, "விசாரிச்சுக்கிட்டே இருங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். கும்பகோணம் போய்த் திரும்பி வருவதற்கு மண்ணடி லாட்ஜ் வாடகையே மேல் என்று மூட்டையை அறையில் போட்டுவிட்டேன். அந்தமான் பயணக் கட்டுரை என்று நம்பி வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். கொஞ்ச நாளைக்குக் காசிமேடு, எண்ணூர்தான்.

நான் கிளம்பியது பாரன் தீவைப் பார்க்க. இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கிற எரிமலை அது ஒன்றுதான். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 138 கிலோமீட்டர். 1787-ல் அது கக்கியதைக் கப்பல்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சும்மா கிடந்து, 1991-ல் மறுபடி எழுந்தது. 2025 செப்டம்பரில்கூட லேசாக இரண்டு தடவை. தீவில் மனிதர்கள் கிடையாது, இறங்கவும் விடமாட்டார்கள். கப்பலில் நின்றபடி எட்ட இருந்து பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

லாட்ஜ் மேனேஜரிடம் இதைச் சொன்னதும் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். சிவப்பாகக் குழம்பு பீறிட்டுக்கொண்டிருந்தது. "அந்தமான் எரிமலை வெடிக்கிறது, சென்னைக்குச் சுனாமி, உடனே பகிரவும்" என்று கீழே எழுத்து. குழம்புக்குப் பக்கத்தில் பனி மூடிய மலை. அந்தமானில் ஏது பனி என்று கேட்டேன். "அதான சார்!" என்று சிரித்தார். ஆனால் அதற்கு முன்பே குடும்ப குரூப், ஸ்கூல் நண்பர்கள் குரூப், ஏரியா குரூப் என்று எல்லாவற்றுக்கும் அனுப்பி முடித்திருந்தார். பயந்தவர் மாதிரி தெரியவில்லை. அனுப்பிவிட்டால் தன் கடமை முடிந்தது என்பதுபோல அடுத்த வாடிக்கையாளரின் ஆதாரை ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

ஒன்றுமே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 1883-ல் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே கிரக்கடோவா எரிமலை வெடித்தபோது சென்னையில்கூடக் கடல்மட்டம் ஏறி இறங்கியது பதிவாகியிருக்கிறது. ஆனால் பாரன் தீவு அந்த அளவு பெரிய ஆள் இல்லை. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டர் சொச்சம்தான். நமக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் கிடக்கிறது.

செவ்வாய், பாரிமுனை

ஐகோர்ட்டின் கிழக்கு மதில் பக்கம் போய் எம்டன் கல்வெட்டைப் பார்த்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் வந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கப்பல் போய்விட்டது, திரும்பி வரவும் இல்லை. ஜனங்கள் மட்டும் அதற்குப் பிறகு மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள்.

1942 ஏப்ரலில் நடந்தது இன்னும் பெரிது. ஜப்பான்காரன் வருகிறான் என்று அரசாங்கமே கிளம்பச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின, ஐகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான்காரன் கடைசிவரை கரை இறங்கவில்லை.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ, பர்மாக்காரர்களின் நூடுல்ஸ். தள்ளுவண்டியில் ஆரஞ்சு நூடுல்ஸைக் கையாலேயே பிசைகிறார் கடைக்காரர். முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மேலே மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். எரிமலை பார்க்கப் போகிறேன் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"காசு குட்த்து அதப் பாக்கப் போறியா? எங்க தாத்தா ரங்கூன்ல குண்டு போடச்சொல்ல ஓடவே இல்ல தெர்மா?"

ஏன் ஓடவில்லையாம்? கடை பாக்கி நிறைய வெளியே நின்றதாம். சைரன் ஊதினால் எல்லோரும் ஓடி ஒளிவார்கள். இவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குப் போவார், அந்த நேரத்தில்தான் ஆள் வீட்டுப் பக்கம் அகப்படுவான் என்று. 1964-ல் எல்லாவற்றையும் பர்மாவிலேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறியபோதும் அந்த நோட்டு மட்டும் கூடவே வந்ததாம். தாத்தா செய்தது பைத்தியக்காரத்தனம் என்று பேரனுக்கும் தோன்றவில்லை. "பாக்கி போனா போனதுதான் சார்" என்றார்.

புதன், காசிமேடு

காலையில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள். தூரக்கடலில் புயல் உருவாகலாம், கப்பல்காரர்கள் கவனிக்கவும் என்பதற்கு மேல் இதற்கு அர்த்தம் இல்லை. எண் கூடக் கூட ஆபத்து கூடும். 8, 9, 10 வந்தால் பெரும் அபாயம். அதற்கும் மேலே 11 ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். எச்சரிக்கை சொல்கிறவனிடமிருந்து தகவல் வரவில்லை என்பதற்கும் ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள், அதுவும் உச்சியில்.

ஆனால் காசிமேட்டில் கூண்டை யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. விசைப்படகுகளைத்தான் பார்க்கிறார்கள். எந்த முதலாளி இரட்டைக் கயிறு போடச் சொல்கிறான், எவன் இன்னும் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்று கணக்கு. நான் நின்ற இடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருத்தன் படகுக்குப் படகு தாவி, இரண்டு படகு உரசும் இடத்திலெல்லாம் பழைய லாரி டயரை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். டயர் இறங்கியது தெரிந்ததும் ஏலக்கூடத்துப் பக்கம் இருந்த பெண்கள் கூடையை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வானிலை மையம் சொன்னது அவர்களுக்கு அந்த டயர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

டீக்கடையில் ஒரு பெரியவர். ஐம்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். பேச்சு கூண்டில் ஆரம்பித்து எரிமலைக்குப் போனது.

"எரிமலைக்கும் கூண்டு ஏத்துவாங்களா?"

ஏற்றுவார்கள் என்றேன். இந்தோனேசியாவில் நான்கு படி. பாலித் தீவில் ஆகுங் என்று ஒரு மலை. 2017 செப்டம்பரில் அதன் அடியில் நிலநடுக்கம் சரமாரியாக வந்தது, நாலாவது படிக்கு ஏற்றினார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வந்தார்கள். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, மலை வெடிக்கவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு படி இறக்கினார்கள். நவம்பர் 21-ல் வெடித்தது.

"அதுவரிக்கும் சோறு?"

அந்தக் கேள்வியைத்தான் பாலிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். மாட்டை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு வந்தவர்கள் முகாமிலிருந்து தினமும் மலைக்குத் திரும்பிப் போய்ப் புல் போட்டுவிட்டு வந்தார்கள். விடிந்ததும் போவது, பொழுது சாய்வதற்குள் திரும்புவது. அதிகாரிகள் கத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் மாடுகளையும் சேர்த்து இறக்க வண்டி அனுப்பினார்கள்.

பெரியவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, "பாத்தியா, மாட்டுக்கு வண்டி அனுப்ச்சானாம்! நம்ம போட்டுக்கு எவன்டா அனுப்பறான்?" என்றார். கடலுக்குப் போகாதே என்று சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள், போகாத நாளைக்குக் கூலி கொடுக்க ஆள் இல்லை என்பது அவர் கட்சி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, அதற்காவது ஒரு நிவாரணத் தொகை உண்டு. ஐப்பசி கார்த்திகையில் கூண்டு ஏறும் நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அது இன்னொரு தடைக்காலம் என்கிறார்.

எச்சரிக்கையைக் கேட்காத ஜனங்கள் என்று டிவியில் அடிக்கடி காட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. காதில் விழாமல் இல்லை. விழுந்ததும் முதலில் செலவைக் கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

வியாழன், திருவொற்றியூர், எர்ணாவூர்

வடிவுடையம்மன் கோவிலில் உச்சிக்கால தரிசனம். பிறகு வெளியே வந்து கடற்கரை ரோடு. அலை ரோட்டைத் தின்னாமல் இருக்கப் பெரிய பெரிய பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். காற்று வாடையாகத் திரும்பிவிட்டது. பாறையில் அடித்த தண்ணீர் சட்டைவரை தெறிக்கிறது.

குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "வடிவுடையா இருக்கறப்ப கடல் இந்த ரோட்டத் தாண்டாது" என்றார் அழுத்தமாக. 2004-ல் தாண்டியதே என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவருடைய பைபர் போட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம், மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தது. மணலில் இழுத்து வந்த தடம் ஈரமாக இருந்தது. அம்மன் மேல் நம்பிக்கை ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம்.

ஜாவாவில் மெராப்பி எரிமலைக்கு மரிஜான் என்று ஒரு காவலர் இருந்தார். மலைக்குப் பூசை செய்ய அரண்மனை வைத்த ஆள். 2006-ல் கிளம்பச் சொன்னபோது மறுத்தார், பிழைத்தார், நாடெங்கும் பேர் வாங்கினார். 2010 அக்டோபர் 26-ல் மறுபடி மறுத்தார். அன்றைக்கு இறங்கிய நெருப்பு மேகத்தில் போய்விட்டார், அவரை நம்பி இருந்தவர்களும் கூடவே. திருவொற்றியூர்த் தாத்தா அவரைவிடக் கெட்டிக்காரர் என்பேன்.

மத்தியானம் ஷேர் ஆட்டோவில் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு. கடலோரக் குப்பங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வரிசை. தெரிந்த ஒருவரின் அத்தை இரண்டாவது மாடியில் இருக்கிறார். மீன் விற்கிறவர். விடிகாலையில் காசிமேட்டுக்கு ஓடி, மீன் எடுத்து, தெருத்தெருவாகச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார். ஆட்டோக் கூலிக்கே பாதி லாபம் போகிறது என்கிறார். முன்னே வீட்டு வாசலிலேயே படகு வந்து நிற்கும்.

2004 டிசம்பர் 26 பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். நிலநடுக்கம் காலை 6.29. தண்ணீர் இங்கே வர ஒன்பது மணி ஆகிவிட்டது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். "ஒருத்தன் சொல்லல தம்பி. ஒரே ஒருத்தன் சொல்லிருந்தா போதும்." அப்போது சொல்ல ஏற்பாடே இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்தான்.

சொல்ல ஆள் வந்த பிறகு 2012 ஏப்ரல் 11. சுமத்ராவுக்கு அப்பால் 8.6. சென்னையில் நாற்காலி ஆடியது, ஆபீஸ்கள் தெருவுக்கு வந்தன, குப்பங்கள் காலியாயின. அத்தை பேரனைத் தூக்கிக்கொண்டு ரயில்வே லைன் தாண்டி ஓடியிருக்கிறார், உலையில் கொதித்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு. சொல்லும்படியான அலை வரவில்லை. அந்த நடுக்கத்தில் நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததே தவிர, கடல் தரையைத் தூக்கவில்லை. அது பின்னால்தான் தெரிந்தது.

"சும்மா ஓடினோமேன்னு கோவம் வந்துச்சா?"

"எதுக்குக் கோவம்? சோறுதான் கொழஞ்சு போச்சு."

பிரான்சின் ஆட்சியில் உள்ள குவாதலூப் தீவில் அத்தையைப்போல "எதுக்குக் கோவம்" என்று சொல்ல ஆள் இல்லை போல. 1976-ல் அங்கே சூஃப்ரியேர் எரிமலை புகைந்ததும் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரை அப்புறப்படுத்தி மாதக்கணக்கில் வெளியே வைத்திருந்தார்கள். பெரிதாக வெடிக்கவே இல்லை. விஞ்ஞானிகள் இருவர், அலேக்ரும் தாசியேஃபும், யார் சொன்னது சரி என்று பத்திரிகைகளில் குடுமிப்பிடி போட்டார்கள். இந்தப் புலி வருது பயம்தான் பிறகு பல ஊர் அதிகாரிகளின் வாயைக் கட்டியது என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஓடியதற்காக ஜனங்கள் அப்படியொன்றும் கோபப்படுவதில்லை. அத்தைக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். ஓடியது ஒரு நாள், மாடிக்கு வந்தது ஆயுசுக்கும். "இன்னொரு வாட்டி கிளம்புன்னா, எங்க கொண்டுபோய் விடுவன்னு எழுதிக் குடுத்தாதான் கிளம்புவேன்" என்றார். வஞ்சிரம் வறுத்துப் போட்டார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி

விடாத மழை. மண்ணடித் தெருக்களில் முழங்கால் தண்ணீர். லாட்ஜை விட்டு நகரவில்லை. கூண்டு மூன்றாம் எண்ணுக்கு ஏறியிருப்பதாக மேனேஜர் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார், வீடியோ எதுவும் காட்டவில்லை.

பிலிப்பைன்சின் பினாட்டுபோ பற்றிப் படித்தபடி கிடந்தேன். 1991 ஏப்ரலில் புகைய ஆரம்பித்த மலை. அது எரிமலை என்பதே சுற்றியிருந்தவர்களில் பலருக்குத் தெரியாது. ஐந்நூறு வருடமாகத் தூங்கியது. மேயர்களும் நம்பவில்லை. எரிமலை என்னென்ன செய்யும் என்று எடுத்த வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டிய பிறகுதான் வழிக்கு வந்தார்கள். ஜூன் 15-ல் வெடித்தபோது பல பத்தாயிரம் பேர் வெளியேறியிருந்தார்கள். அதே நாளில் புயலும் வந்தது. மழையில் நனைந்த சாம்பல் கூரையின் மேல் சிமென்ட் கணக்காகக் கனத்து, செத்தவர்களில் நிறையப் பேர் கூரை விழுந்தே செத்தார்கள். மேனேஜரின் பனிமலை வீடியோவை நினைத்துக்கொண்டேன். வீடியோவால் உயிரும் பிழைத்திருக்கிறது.

சனி, எண்ணூர்

மழை விட்டது. கூண்டு மறுபடி ஒன்றுக்கு இறங்கிவிட்டது, காற்று வடக்கே ஆந்திராப் பக்கம் போய்விட்டதாம்.

தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் விழும் இடம். ஒரு பக்கம் புகைபோக்கிகள், ஒரு பக்கம் இறால் தடவுகிற பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் கையால் சேற்றைத் துழாவி, கழுத்தில் தொங்கும் கூடையில் போடுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஆற்றில் எண்ணெய் வந்து படிந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் ஒரு உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. சுனாமி வந்த அதே தேதி.

அந்த ராத்திரியை ஒரு ஆட்டோ டிரைவர் சொன்னார். தூக்கத்தில் தொண்டை அடைத்து எழுந்தாராம். கண் எரிச்சல். வெளியே வந்தால் தெருவே இருமிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. "காத்து எந்தப் பக்கம்னு எங்கம்மாதான் புடவையத் தூக்கிப் பாத்துச்சு. அதுக்கு எதிர்த்தாப்ல ஓடுனோம்." ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாளிலிருந்து வாரக்கணக்கில் போராட்டம்.

கொலம்பியாவில் ஆர்மேரோ என்று ஓர் ஊர் இருந்தது. நெவாடோ தெல் ரூயிஸ் மலை ஒரு வருடமாக அறிகுறி காட்டியது. எந்த ஊர் சேற்றில் மூழ்கும் என்று வரைபடம்கூட 1985 அக்டோபரில் போட்டுவிட்டார்கள். நவம்பர் 13 மத்தியானம் ஊரில் சாம்பல் விழுந்தது. ரேடியோவும் பாதிரியாரும் பதற வேண்டாம் என்றார்கள், ஜனங்கள் வீட்டுக்குள் போனார்கள். ராத்திரி ஒன்பது மணிவாக்கில் மலை வெடித்து, பனி உருகி, சேறு இறங்கி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஊரைக் கிளப்பியிருக்கலாம். மொத்தம் சுமார் 23,000 பேர் செத்தார்கள். பீதியைக் கிளப்பாதே என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த ஊர்தான் ஞாபகம் வருகிறது. பீதியில் செத்தவர்களைவிட அமைதியாக இருங்கள் என்று கேட்டுச் செத்தவர்கள் அதிகம் என்று சண்டை போடவும் தயார்.

டிரைவர் வீட்டில் டீ கொடுத்தார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று தொங்கியது. ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், பெண்ணின் பத்தாவது மார்க் ஷீட், ஒரு டார்ச், தைலம், ஈரத்துணியாக நனைத்துக்கொள்ள ஐந்து கைக்குட்டை. வீட்டில் ஐந்து பேர். அம்மோனியாவுக்குப் பிறகு அது அங்கேயேதான் தொங்குகிறது. பையை இறக்கிக் காட்டிய அவர் மனைவி, மார்க் ஷீட்டின் மேல் மட்டும் இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தார்.

ஐஸ்லாந்தில் கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊரை, எரிமலை வெடிக்கலாம் என்று 2023 நவம்பர் 10 ராத்திரி காலி செய்தார்கள், சுமார் 3,800 பேர். பிறகு சில நிமிஷம் மட்டும் வீட்டுக்குப் போய் வேண்டியதை எடுத்துக்கொள்ள விட்டார்கள். என்ன எடுப்பது என்று பலருக்கும் திகைப்பு. அதைச் சொன்னேன்.

"சில நிமிசமா? அது ரொம்ப ஜாஸ்தி சார்" என்றார் அந்த அம்மா.

ஞாயிறு, மண்ணடி

போன் வந்தது. கப்பல் நாளைக்கு. பங்க் வகுப்பு, மூன்று நாள் பயணம். கடற்கரைச் சாலையில் ஒரு கடையில் எலுமிச்சம்பழம், ரஸ்க், வாந்தி மாத்திரை வாங்கினேன். டிக்கெட் வரிசையில் முன்னால் நின்றவர் போர்ட் பிளேரில் இருபது வருடமாகக் கொத்தனார் வேலை செய்கிற ராமநாதபுரத்துக்காரர். பாரன் தீவு புகைந்தபோது அங்கே எல்லோரும் என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"டூர் ஏஜெண்ட்காரங்க போர்டு எழுதுனாங்க. வேறென்ன?"

நடுக்கடலில் நெட் கிடைக்காது. அடுத்த பதிவு போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்த பிறகு.